ஓட்டு லீவு

எங்கள் வார்டில் நின்ற மூன்று பேரும் வேலை தருவதாகத்தான் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி என் மளிகைக் கடை வாசலில் ஆரம்பித்தால் மதியம் வரைக்கும் வேலை, வேலை, வேலைதான். அரிசி மண்டி தங்கவேலு, ஆரணிக்கு ஜவுளிப் பூங்கா கொண்டு வருவேன், வார்டுக்கு நூறு பேருக்கு வேலை என்றார். சுயேச்சையாக நின்ற அய்யனார், மாதம் ஒரு வேலைவாய்ப்பு முகாம் நடத்துவேன் என்றார். மகளிர் குழு நடத்துகிற தேவகி, நம் வார்டில் நகராட்சி போடுகிற ஒப்பந்த வேலைக்கெல்லாம் நம் வார்டு ஆளையே வைப்பேன், பெண்கள் ஏறுகிற கம்பெனி பஸ்ஸைத் தெருமுனைக்கே வரவழைப்பேன் என்றாள். கவுன்சிலர் மனசு வைத்தால் தெருவிளக்கு மாற்றலாம், சாக்கடை தூர் வாரலாம். அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிற எனக்குத் தெரியாதா? மூன்று பேருக்கும் தலையாட்டினேன். மூன்று பேருடைய நோட்டீசிலும் கடலைப்பருப்பு மடித்துக் கொடுத்தேன்.

ஆனால் அந்த நோட்டீசுகளை ஒரு எழுத்து விடாமல் படித்த ஆள் ஒருவன் எங்கள் தெருவில் இருந்தான். பெயர் எல்லப்பன். அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எல்லப்பனுக்குப் பூர்வீகம் பெரணமல்லூர் பக்கம். நிலம் என்று ஒரு பிடி மண் கிடையாது. பத்தாவது முடித்ததும் ஆரணிக்கு வந்து ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினான். பிறகு நெல் அவிக்கிற பாய்லருக்கு மாற்றினார்கள். பதினெட்டு வருடமாக அங்கேதான் நிற்கிறான். அந்த மில்லில் நெல் அவிப்பது இரவில். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே போனால் காலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவான். உமிச்சாம்பல் புருவத்தில் ஒட்டியிருக்கும். அந்த முகத்தோடு என் கடையில் நின்று ஒரு பாக்கெட் பால் வாங்கும்போது, நாற்பத்து மூன்று வயது ஆளுக்கு அறுபது சொல்லலாம்.

மனைவி அன்புச்செல்வி முள்ளிப்பட்டுக்காரி. கல்யாணமான புதிதில் வீட்டிலேயே ராட்டை போட்டு நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்தாள். காலையில் அவன் வந்ததும் ராட்டையை நிறுத்திவிட்டுச் சோறு போடுவாள். அவன் சாப்பிட்டுப் படுத்தால் பக்கத்திலேயே மறுபடி ராட்டை சுற்றும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்பான். பகலில் தூங்குகிறவனும் பகலில் உழைக்கிறவளும் ஒரே அறைக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

மகள் இனியா நர்சிங் படிக்க வேலூர் விடுதிக்குப் போனதும் நூல் சுற்றுகிற கூலி போதவில்லை. அன்புச்செல்வி செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். மாதச் சம்பளம், பி.எஃப்., ஆஸ்பத்திரி செலவுக்கு இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலை ஐந்தேகாலுக்கு பைபாஸில் கம்பெனி பஸ் நிற்கும். அவன் மில்லிலிருந்து வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அவள் போய்விடுவாள். சாயங்காலம் அவள் ஐந்தரைக்கு வந்து இறங்கும்போது அவன் மில்லுக்குச் சைக்கிளை எடுத்திருப்பான்.

இருவரும் சந்திக்கிற இடம் என் கடை வாசல். வீட்டுக்கு ஒரே சாவி. காலையில் அவள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள், அவன் வந்து வாங்கிக்கொள்வான். சாயங்காலம் அவனே அவள் கையில் கொடுப்பான். சாவி கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவர்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். சைக்கிளின் ஹேண்டில்பாரை அவன் பிடித்திருப்பான், கேரியரை இவள் பிடித்திருப்பாள். குழம்பில் உப்பு கம்மி, இனியா போன் பண்ணினாள், தண்ணீர் வரவில்லை, இவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை.

"ஏன்டி செல்வி, பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு சாவி போட்டுக்க வேண்டியதுதானே? தெனமும் என் கடைக்கு முன்னாடி ஜனத்துக்கு வழி இல்லாம நின்னுகினு இருக்கீங்க."

அவள் சிரித்தாள். "ரெண்டு சாவி ஆயிட்டா அவரு நேரா போயிடுவாருக்கா."



ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. ஆனால் அவன் விடிய விடிய நெருப்பின் முன்னால் நின்றுவிட்டு வந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். எழுப்ப அவளுக்கு மனசு வராது. அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்வாள். மில்லுக்கு லீவு என்றால் அமாவாசை மட்டும்தான். முந்தின நாளே பாய்லரை அணைத்துவிடுவார்கள். ஆனால் அமாவாசை புதன்கிழமையிலோ வியாழக்கிழமையிலோ வந்தால் அவன் பகல் முழுக்க முழித்துக்கொண்டிருப்பான், அவள் கம்பெனியில் இருப்பாள். சாயங்காலம் வந்ததும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அதனால் வருஷா வருஷம் என் கடையில் காலண்டர் வாங்கியதும் அவள் முதலில் தேடுவது பொங்கலையோ தீபாவளியையோ அல்ல. எந்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது என்று பார்ப்பாள். அந்த வருடம் இரண்டே இரண்டு. ஒன்று ஜனவரியில் போய்விட்டது. அடுத்தது புரட்டாசியில்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் ஏங்கிப் போகிற புருஷன் பெண்டாட்டியை நான் அப்போதுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நாள் முழுக்கக் கல்லாவுக்கு எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். ஒரு மணி நேரம் எங்கேயாவது போய்விட்டு வாருங்களேன் என்று விரட்டுகிறவள் நான். எனக்கு இந்த ஏக்கம் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

தேர்தல் தேதி அறிவித்தபோது அன்புச்செல்வி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியே வந்தாள். "அக்கா, ஓட்டு போட்ற அன்னிக்கு கம்பெனி லீவாம். சம்பளத்தோட! மில்லுக்கும் லீவு உட்டுத்தான் ஆவணுமாம். சனிக்கெழம!"

எல்லப்பன் சைக்கிளோடு நின்றிருந்தான். மில்லில் வெள்ளிக்கிழமை காலை பாய்லரை அணைத்தால் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் பற்றவைப்பார்கள் என்று அவனும் கேட்டு வைத்திருந்தான். ஒரு முழு இரவு, ஒரு முழுப் பகல். அன்றைக்குச் சாவி கொடுக்கப் பதினைந்து நிமிஷம் ஆனது. கறி எடுக்கலாம் என்றான். மீன் குழம்பு வைக்கிறேன் என்றாள். ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சோறு. அவ்வளவுதான் இருவருடைய திட்டமும்.

நான்கு நாள் கழித்து தேவகி அவனை என் கடையில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

"எல்லப்பண்ணா, நம்ம பூத்துக்கு நீங்கதான் ஏஜென்ட்டா உக்காரணும். மில்லுக்காரங்க மொத்தமும் உங்களுக்குத் தெரியும். லிஸ்ட்ட பாத்ததும் ஆளு சொல்வீங்க."

"அன்னிக்கு ஒரு ஜோலி கீதுமா" என்று இழுத்தான்.

"நான் ஜெயிச்சா தண்ணி டேங்க்ல வால்வு தொறக்கறதுக்கு ஒரு ஆளு வெக்கணும். நோட்டீஸ்ல போட்டுகிறேனே, நம்ம வார்டு வேல நம்ம வார்டு ஆளுக்குன்னு. பகல் வேலண்ணா. ரெண்டு மணிக்கெல்லாம் வூட்டுக்கு வந்துடலாம்."

பகல் வேலை. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால், ஐந்தரைக்கு அவள் இறங்கும்போது பைபாஸிலேயே போய் நிற்கலாம். தினமும் ராத்திரி ஒன்றாகச் சாப்பிடலாம். இந்தக் கணக்கை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னான். "ஒரு நாள உட்டா எல்லா நாளும் கெடைக்கும் செல்வி."

அவள் கேரியரைப் பிடித்தபடி நின்றாள். "சரி" என்றாள். பிறகு, "பகல் வேலதானே? நல்லா கேட்டுகினியா?" என்றாள். அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எனக்கு இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவிடலாமா என்று இருந்தது. கையில் இருக்கிற ஒரு நாளைக் கொடுத்து நோட்டீஸில் இருக்கிற நாளை வாங்குகிறார்களே என்று வயிறு எரிந்தது. ஆனால் எந்த வாயால் சொல்வது? எனக்கென்ன, என் வீட்டுக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஏஜென்ட்டுகளையெல்லாம் தேவகி வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். லிஸ்ட்டில் எப்படி அடிப்பது, யாருக்கு எப்போது ஆட்சேபம் சொல்வது என்று பாடம் நடந்தது. வீட்டுக்கு அனுப்பினால் எதிராளி வளைத்துவிடுவான் என்ற பயத்தில் எல்லோரையும் அங்கேயே படுக்கவைத்துவிட்டார்கள். விடிந்ததும் நேராகப் பள்ளிக்கூடம். ஆக, கிடைத்த இரவும் போயிற்று.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அன்புச்செல்வி ஓட்டுப் போடப் போனாள். கம்பெனியின் நீலக் கோட்டு இல்லாமல், பச்சைப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்திருந்தாள். திரும்பி வந்து மீன் வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கமிருந்து குழம்பு வாசனை மட்டும் வந்தது. ஆளைக் காணோம்.

எனக்கு மூன்று மணி வரை கடையை விட்டு நகர முடியவில்லை. மூன்றேகாலுக்கு தேவகியின் ஆட்டோ வந்து நின்றது. இன்னும் ஓட்டுப் போடாதவர்களின் வரிசை எண்ணைச் சீட்டில் எழுதி ஏஜென்ட் வெளியே அனுப்புவார், ஆட்டோ வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு வரும். டிரைவர் சீட்டைப் பார்த்து, "ஜெயம்க்கா, நீங்க ஒண்ணு. அன்புச்செல்வி ஒண்ணு. ஜல்தி வாங்க" என்றான்.

அன்புச்செல்வி பேர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே வந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"நீ காலையிலயே போன மாரி பாத்தேனே?"

"கூட்டமா இருந்துச்சிக்கா" என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டே.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் ஏழெட்டுப் பேர்தான். வராண்டாவில் ஜன்னலை ஒட்டி வரிசை. ஜன்னலுக்குள் பார்த்தால் ஏஜென்ட்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரியும். முதலில் தங்கவேலுவின் ஆள் குணா, அடுத்தது எல்லப்பன். காலையிலிருந்து குனிந்தே இருந்ததில் கழுத்து வலிக்கிற மாதிரி பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அன்புச்செல்வி எனக்கு முன்னால்தான் நின்றாள். "நீங்க போங்கக்கா, கடை கீது உங்களுக்கு" என்று என்னை முன்னால் விட்டாள். பின்னால் வந்த ஒரு வயதான அம்மாவையும் விட்டாள். அவருக்குப் பின்னால் வந்த கைக்குழந்தைக்காரியையும் விட்டாள். ஜன்னலை விட்டு நகரவே இல்லை. எல்லப்பன் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தான். அவன் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

நான் ஓட்டுப் போட்டுவிட்டு மறைவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குணா எழுந்து நின்று, வரிசையில் கதவருகே வந்துவிட்ட அன்புச்செல்வியைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"மேடம், இவங்க காலையிலயே போட்டுட்டாங்க! எட்டே பத்துக்கு. என் லிஸ்ட்ல அடிச்சிகிறேன் பாருங்க. கள்ள ஓட்டு போட வந்துகிறாங்க! வெரல பாருங்க மேடம்!"

பொறுப்பு அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா. வெளியூர்க்காரர். "கையைக் காட்டுங்கம்மா" என்றார்.

அன்புச்செல்வி முந்தானையை விலக்கினாள். ஆள்காட்டி விரலில் மை, காய்ந்து கறுத்துப்போயிருந்தது.  வாசலில் நின்ற போலீஸ்காரர் ஒரு அடி உள்ளே வந்தார்.

"போட்டுட்டு எதுக்கும்மா மறுபடியும் வந்தீங்க? கேஸ் ஆயிடும், தெரியுமா?"

 ஒரு தரம் எல்லப்பனைப் பார்த்தாள். "ஓட்டு போட வரலீங்க மேடம். எங்க வூட்டுக்காரரு உள்ள உக்காந்துகினு கீறாரு. ஆட்டோ வந்து கூப்ட்டாங்க. பாத்துட்டு போலாம்னு ஏறி வந்துட்டேன்."

ஆண்கள் வரிசையில் எவனோ சிரித்தான். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "வீட்டுல பார்க்க மாட்டீங்களா?"

"இன்னிக்கு ஒரு நாளுதாங்க பாக்கலாம்னு இருந்தோம்."

 குணா மெதுவாக உட்கார்ந்தான். அவனுடைய மனைவியும் அதே கம்பெனி பஸ்ஸில்தான் போகிறாள். லிஸ்ட்டைப் புரட்டிக்கொண்டே, "உடுங்க மேடம், எழுதிக்க வேணாம்" என்றான்.

எல்லப்பன் பெஞ்சிலிருந்து எழுந்தான். தன் லிஸ்ட்டை மடித்து, மாற்று ஆளாக வெளியே நின்ற பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தான். டீச்சரம்மாவைக் கும்பிட்டான். வெளியே வந்தவனைத் தேவகியின் புருஷன் கேட்டைத் தாண்டிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா போற? இன்னும் ரெண்டு மணி நேரம்தான். கடசி நேரத்துலதான் தகராறு வரும். போய் உக்காரு!"

"மன்னிச்சிக்கணா" என்றான் எல்லப்பன். "பசிக்குது."

ஆட்டோ இருந்தது. அவர்கள் ஏறவில்லை. நடந்தே போனார்கள். நான் வேண்டுமென்றே இருபது அடி பின்னால் வந்தேன். ஆனாலும் காதில் விழுந்தது. காலையில் அவளைப் பச்சைப் புடவையில் பார்த்ததும் டிக் அடிக்க மறந்துவிட்டானாம். அதனால்தான் மதியம் சீட்டில் அவள் பேரும் போனதாம். "நீயே ஆட்டோ அனுப்பனன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "அந்த அளவுக்கு எனக்கு அறிவு கீதா?" என்றான்.

அவள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. நாலு மணிக்கு மேல்தான் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஏழு மணிக்கு அவன் மில்லுக்குப் போனான். அன்றைக்கு என் கடை வாசலில் சாவி கை மாறவில்லை. கடையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல் என் வீட்டுக்காரரைத் திட்டினேன். அவர் பேப்பரைக்கூட இறக்கவில்லை.

தேவகி நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள். தண்ணீர்த் தொட்டி வேலை ஒரு மாதத்தில் வந்தது. கடைசி வரை உட்கார்ந்திருந்த அந்த மாற்று ஆளுக்குக் கொடுத்தாள். நான் விடவில்லை, நேராகப் போய்க் கேட்டேன்.

"நோட்டீஸ்ல சொன்னத செஞ்சிட்டேன்க்கா, நம்ம வார்டு ஆளுக்குத்தான் குடுத்துகிறேன்" என்றாள். "பாதியில எழுந்து போனவருக்குக் குடுத்தா, கடசி வரைக்கும் உக்காந்தவன் என்னை இன்னான்னு கேப்பான்? எனக்கும் மனசு கஷ்டமாத்தான் கீது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கம்பெனி பஸ்ஸுக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். பஸ் இன்னும் பைபாஸில்தான் நிற்கிறது.

எல்லப்பனிடம் ஒரு காலை, பால் வாங்க வந்தபோது கேட்டேன். "வருத்தமா இல்லியா?"

"இல்லாம இன்னாக்கா? அந்த வேல கெடச்சிருந்தா..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. பால் பாக்கெட்டைத் துடைத்தான். "ஆனா அன்னிக்கி அவ சோறு போட்டா. ரெண்டாவது தரம் போட்டுக்கச் சொன்னா. சாப்ட்டேன்."

அவ்வளவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் அன்புச்செல்வி அரை கிலோ ரவை வாங்க வந்தாள். காசு கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, அடுத்த ஓட்டு எப்பக்கா?"

"எந்த ஓட்டுடி?"

"எதுவா இருந்தா இன்னா. ஏதோ ஒரு ஓட்டு."

"யாருக்குப் போடப் போற இந்த தரம்? மறுபடியும் வேல தரேன்னுதான் வருவானுங்க."

"யாருக்கோ போட்றேன்க்கா" என்றாள் அன்புச்செல்வி. "லீவு உடுவாங்கல்ல?"